சேவல் மட்டும்

மடுத்தீனிடம் துவக்கு இருந்தது. அதை வைத்துப் பூட்ட இரும்பு அலுமாரி இருந்தது. வேட்டைப் பரீட்சையில் தேறியதற்கு அரசாங்கம் கொடுத்த அட்டை இருந்தது. அந்த வருடத்துக்குக் கட்டிய காப்புறுதியும் இருந்தது. சுடுவதற்கு ஒரு காணி மட்டும் இல்லை.

இது பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் முழுவதற்கும் தெரியும். தெரியப்படுத்தியவர் தவரத்தினம். அவருடைய இறைச்சிக்கடையில்தான் மடுத்தீன் பதினாறு வருடங்களாக ஆடு வெட்டினான். அரைக் கிலோ இறைச்சி வாங்க வருகிறவர்களுக்கு அரைக் கிலோ கதையும் சேர்த்துக் கொடுப்பது தவரத்தினத்தின் வியாபார முறை.

“கேட்டியளே சங்கதி? எங்கட மடுத்தீன் துவக்கு வாங்கி வைச்சிருக்கிறான். மனுசி அதுக்கு மேல மடு மாதாவை வைச்சு மெழுகுதிரி கொளுத்துறா. வருசம் ஒண்டு போட்டுது. இன்னும் ஒரு காகத்தைக் கூட வெருட்டேல்லை.”

பெண்கள் சிரிப்பார்கள். ஆண்கள் சிரிக்கமாட்டார்கள். 2009க்குப் பிறகு அந்தத் தெருக்களில் துவக்கு என்ற சொல் காதில் விழுந்தால் ஆண்கள் முதலில் வாசலைத்தான் பார்த்தார்கள். அவன் இயக்கத்தில் இருந்தவனோ, இல்லை மற்றப் பக்கத்துக்கு ஆள்காட்டியவனோ என்று இரண்டு விதமாகவும் பேச்சு இருந்தது. இரண்டும் பொய். அவன் மன்னார்ப் பக்கத்தில் காட்டோரமாகப் பிறந்த கத்தோலிக்கன். இறைச்சி வெட்டத் தெரிந்தவன். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே அவன் வேட்டையாடியதெல்லாம் ஒளித்துத்தான். வன இலாகாவுக்கு ஒளித்து, ஆமிக்கு ஒளித்து, பிறகு இயக்கத்துக்கும் ஒளித்து. எல்லைகளைக் கடந்ததும் ஒளித்துத்தான். பாரிசில் முதல் ஆறு வருடம் விசா இல்லாமல் வேலைக்குப் போய் வந்ததும் அப்படித்தான். ஐம்பது வயதாகிவிட்டது. ஒரே ஒரு காரியத்தையாவது பட்டப்பகலில், உரியவனிடம் கேட்டு, அவன் ஓம் என்று சொன்ன பிறகு செய்யவேண்டும் என்று நினைத்தான். கறிக்காக அல்ல. கறி நாள் முழுக்க அவன் கத்திக்குக் கீழேதான் கிடந்தது.

மனைவி அற்புதமலருக்கு இது பிடிபடவில்லை.

“ஆக்கள் எபினேயில வீடு வாங்கினம். நீங்கள் இரும்புப் பெட்டி வாங்கி வைச்சிருக்கிறியள்.”

“வாங்கினது உமக்கும் நல்லதுதானே. மாதாவுக்கு உயரமா ஒரு இடம் கிடைச்சிட்டுது.”

“மாதா அதில நிக்கிறது உங்களைப் பாத்துக்கொள்ள. துவக்கைப் பாத்துக்கொள்ள இல்லை.”

பிரான்சில் காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைச் சுடும் உரிமை நிலத்துச் சொந்தக்காரனுக்கு. அவன் சம்மதிக்காவிட்டால் அட்டையும் காப்புறுதியும் வெறும் தாள். வேட்டைச் சங்கங்கள் இருந்தன. அங்கே இருக்கிற ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு விருந்தாளியாகப் போகவேண்டும். விசா இல்லாத அந்த ஆறு வருடமும் மற்றவர்களின் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுத்தவன் இனி யாருக்கும் விருந்தாளியாவதில்லை என்று முடிவெடுத்திருந்தான்.

காணியை அவன் ஆடு ஏற்றும் கடை வானிலிருந்துதான் கண்டான். செவ்வாய்க்கிழமைகளில் தவரத்தினத்தோடு ஆடு எடுக்க வடக்கே போவான். ஒரு மணி நேர ஓட்டம். வழியில் ஒரு பீற்றூட் வயலும் அதன் பின்னால் ஒரு சிறு காடும் வரும். அந்த வயலோரத்தில் ஒரு காலை மூன்று பெசான் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பேடு, காய்ந்த புல்லின் நிறம். ஒரு சேவல், செம்பு உடம்பு, பச்சைக் கழுத்து, ஒரு முழத்துக்கு வால். லாச்சப்பல் ஆட்கள் அதைக் காட்டுக்கோழி என்றே சொன்னார்கள். அது காட்டுக்கோழி இல்லை என்று மடுத்தீனுக்குத் தெரியும். ஆனால் தலையை நிமிர்த்தி வண்டியைப் பார்த்த விதம் அதேதான்.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ.”

“என்னடா, மூத்திரமோ?”

“நிப்பாட்டுங்கோ எண்டுறன்.”

தவரத்தினம் நிறுத்தினார். மடுத்தீன் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். சேவல் அவசரமில்லாமல் காட்டுக்குள் போனது.

மகள் அஜந்தா அந்த ஊர் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் இங்கே பிறந்தவள். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வயலும் காடும் பெர்னார் என்ற ஒருவருக்குச் சொந்தம், எழுபத்தைந்து வயது, உழுவது மருமகன், வேட்டை உரிமை இன்னும் கிழவரிடம் என்று தெரிந்தது. ஊரின் பெயரை மடுத்தீனால் கடைசிவரை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. பெர்னாரின் ஊர் என்றே சொல்லிக்கொண்டான்.

ஒக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனும் மகளும் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினார்கள். மடுத்தீனின் மடியில் நீல நிறப் பிளாஸ்டிக் கோப்பு ஒன்று இருந்தது. மூன்று நாட்களாக அவன் அதைத்தான் அடுக்கினான்.

“அதற்குள் என்ன?” அஜந்தா பிரெஞ்சில் கேட்டாள்.

“டொசியே. என்ர தாளெல்லாம் இருக்கு.”

“எதற்கு?”

“கேக்கப் போறமல்லே.”

பெர்னாரின் வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. படலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் ரப்பர் சப்பாத்தோடு நின்று இலை கூட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கறுத்த மனிதரையும் ஒரு கோப்பையும் கண்டதும் கூட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்:

“எனக்கு ஒன்றும் வேண்டாம். ஜன்னலும் மாற்றியாயிற்று, கூரையும் போட்டாயிற்று.”

அஜந்தா விற்பனைக்கு வரவில்லை என்றாள். மடுத்தீன் தன் சமையலறைப் பிரெஞ்சில் தானே தொடங்கினான். தான் வேட்டைக்காரன், காணியைக் கண்டேன், அனுமதி கேட்க வந்தேன். சொல்லிவிட்டுக் கோப்பை இரண்டு கையாலும் நீட்டினான். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தருக்கு நீட்டுவதுபோல.

கிழவர் வாங்கித் திறந்தார். மேலே அஜந்தா தட்டச்சடித்த விண்ணப்பக் கடிதம். அதற்குக் கீழே வேட்டை அட்டை, காப்புறுதி, பிரெஞ்சுக் குடியுரிமைப் பத்திரத்தின் பிரதி, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மின்சாரக் கட்டணச் சிட்டை, வரித்துண்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, ‘இவர் ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவர்’ என்று பங்குத் தந்தை கையொப்பமிட்ட கடிதம். எல்லாம் வரிசையாக, எண் போட்டு.

பெர்னார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் இறுகிக்கொண்டே போனது.

“இதையெல்லாம் யார் கேட்டது?”

“யாரும் கேட்கவில்லை, மிஸ்யூ.”

“எனக்கு எழுபத்தைந்து வயது. இந்த ஊரில் எல்லாரும் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். ஒருவன்கூடத் தன் கலியாணப் பத்திரத்தைக் காட்டினதில்லை. இவ்வளவு தாளோடு வருகிறவன் ஒன்றில் எதையோ விற்க வருகிறான், இல்லாவிட்டால் எதையோ மறைக்க வருகிறான்.” கோப்பை மூடினார். “முடியாது. போய் வாருங்கள்.”

மடுத்தீன் தலையசைத்தான். நன்றி என்றும் சொன்னான். திரும்பி நடந்தான்.

ரயில் பாதித் தூரம் போனபிறகே அஜந்தா வாய் திறந்தாள். திறந்தபோது கோபமாகவே வந்தது.

“அப்பா, அவர் விசா கொடுக்கிற பிரிபெக்சர் கந்தோர் இல்லை. ஒரு மனிதர். வாசலில் நின்று, வணக்கம், உங்கள் காணியில் பெசான் சுடலாமா என்று கேட்டிருந்தால் போதும்.”

“வெறுங்கையோட போய் நிண்டா என்னை ஆரெண்டு நினைப்பாங்கள்?”

“யாரோ ஒருவர் என்று நினைப்பார். இப்போது ஏதோ ஒரு கேஸ் என்று நினைக்கிறார்.”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். இந்த நாட்டில் அவன் எதைக் கேட்டும் தாள் இல்லாமல் கிடைத்ததில்லை. படுக்க இடம், வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் தாள். ஒரு தாள் குறைந்தால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். கூடிப்போனதற்காக ஒருவன் கலைத்தது இதுதான் முதல் தடவை.

“டொசியே எங்கே?” அஜந்தா திடீரென்று கேட்டாள்.

அவன் மடியைப் பார்த்தான். மடியில் ஒன்றும் இல்லை. உள்ளே கொடுத்த கோப்பைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. கொடுத்தால் கொடுத்ததுதான்.

“கொப்பிதானே எல்லாம்,” என்றான்.

“எல்லாமா?”

வேட்டை அட்டை மட்டும் அசல். கொப்பி வைத்தால் நம்பமாட்டார்கள் என்று அசலையே வைத்திருந்தான். அது இல்லாமல் பெர்னாரின் காணியில் மட்டுமல்ல, பிரான்சில் எந்தக் காணியிலும் துவக்கைத் தொட முடியாது.

அடுத்த நாள் காலை கடை திறக்குமுன்பே தவரத்தினத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அற்புதமலர் அவருடைய மனைவிக்குச் சொல்லியிருந்தாள்.

“என்ன மடுத்தீன், காட்டுக்கோழிக்கும் விசா குடுக்கமாட்டினமாமே?”

மடுத்தீன் கத்தியைத் தீட்டினான்.

நாகேஸ்வரி அக்கா வரிசையில் முதலாவதாக நின்றார். லாச்சப்பலில் அகதி வழக்குகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆறு பேருக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர்.

“அகதி மனுவை முதல் தரம் பாக்கிறவங்கள் எல்லாரையும் றிஜெக்ட் பண்ணித்தானே விடுறவங்கள். அதுக்காக ஆரும் திரும்பிப் போனவையோ? மேல்முறையீடு போடு தம்பி. ஒரு மாதம் தவணை இருக்கு.”

“அக்கா, இது கோழி.”

“கோழி எண்டாலும் கேஸ் கேஸ்தான். நெஞ்செலும்போட ஒரு கிலோ போடு. கொழுப்பை வெட்டி எறி. போன கிழமை கொழுப்பைத்தான் வித்தனீ.”

கடை சிரித்தது. மடுத்தீனும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். அட்டையைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. போய் எடுக்கவேண்டும். எடுக்கப் போனால் அந்தப் படலையில் இன்னொரு தடவை நிற்கவேண்டும். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நான்கு ஞாயிறு கடந்தது. பெசான் காலம் ஜனவரியோடு முடியும். இரும்பு அலுமாரியின் மேல் மாதா நின்றாள். அதைத் திறப்பதற்கு அவனுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் கடைக்குள் கால் வைக்க இடமிராது. ஓல்னேயிலிருந்தும் ஆர்ஜொந்தெயிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மடுத்தீன் ஒரு தொடையை அறுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தபோது வரிசையில் ஐந்தாவது ஆளாகப் பெர்னார் நின்றார். கோட்டுப் போட்டு, கழுத்தில் சால்வை சுற்றி, கக்கத்தில் நீலக் கோப்போடு. முன்னால் நாகேஸ்வரி அக்கா, பின்னால் குழந்தை வண்டியோடு ஒரு பெண். இறைச்சிக்கும் மிளகாய்த் தூளுக்கும் நடுவில் கிழவர் நேராக நின்றார். ஒருவரையும் முந்தப் பார்க்கவில்லை.

மடுத்தீனின் கை ஒரு கணம் நின்றது. தவரத்தினம் கண்டுவிட்டார்.

“ஆர் உது?”

“அவர்தான்.”

“எவர்?”

“காணிக்காரர்.”

தவரத்தினத்தின் முகம் ஒரே நொடியில் வியாபாரியின் முகமாயிற்று. குரலைத் தாழ்த்தினார்.

“முன்னுக்குக் கூப்பிடு. இரண்டு கிலோ நல்ல துண்டாப் போட்டுக் குடு. நான் தாறன், இனாம்.”

“வேண்டாம் அண்ணை.”

“டேய், வீடு தேடி வந்த சீதேவியை...”

“இனாமாக் குடுத்தா அது லஞ்சம். அவர் வரிசையில நிக்கிறார். நிக்கட்டும்.”

தவரத்தினம் அவனை முறைத்தார். பதினாறு வருடத்தில் மடுத்தீன் அவருக்கு மறுத்துப் பேசியது இதுவே முதல் தடவை. இடம் சரியில்லை என்பதால் விட்டுவிட்டார்.

வரிசை நகர்ந்தது. நாகேஸ்வரி அக்கா தன் எலும்புக்காகப் பத்து நிமிடம் சண்டை பிடித்தார். மடுத்தீன் ஒரு துண்டை எடுத்துக் காட்ட, அவர் வேண்டாம் என்றார்; இன்னொன்றை எடுக்க, முதலாவதே நல்லது என்றார். பெர்னார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் கத்தி போகிற வழியை மட்டும் கவனித்தார்.

அவருடைய முறை வந்தது. கோப்பைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். வணக்கம் சொல்லவில்லை.

“ஒரு ஆட்டுத்தொடை. நாளைக்கு அடுப்பில் வைத்துச் சுட.”

மடுத்தீன் தட்டைப் பார்த்தான். அன்று வந்திருந்தவை முற்றின ஆடுகள். கறிக்கு நல்லவை. இரண்டு மணி நேரம் கொதித்தால் இளகும், சாறும் இறங்கும். சுட்டால் செருப்புத் தோல்.

“குடுத்துவிடு,” தவரத்தினம் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னார். “வாயைப் பொத்திக்கொண்டு குடு.”

“இன்றைக்கு உள்ளது அதற்கு ஆகாது, மிஸ்யூ,” மடுத்தீன் சொன்னான். “இது வயதான ஆடு. எங்கள் கறிக்குச் சரி. சுட்டால் உங்களுக்குப் பல் போகும். வியாழக்கிழமை இளசு வரும். அப்போது வாருங்கள்.”

“வியாழக்கிழமை நான் பாரிசில் இல்லை. இன்றைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.”

“அப்படியென்றால் வேறு கடையில் வாங்குங்கள். மேலே தெருவின் முடிவில் பிரெஞ்சுக்காரன் கடை ஒன்று இருக்கிறது.”

தவரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெர்னார் கோப்பைத் திறந்து மேலே இருந்த வேட்டை அட்டையை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார்.

“இது அசல். இதை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். தபாலில் போட்டால் தொலையும். அதனால் கொண்டுவந்தேன்.” இன்னொரு தாளையும் எடுத்துக் காட்டினார். “எல்லாவற்றையும் வாசித்தேன். சம்பளச் சீட்டு இந்தக் கடையின் முகவரியைச் சொன்னது. பாதிரியாரின் கடிதம் உங்களுக்கு உதவவில்லை. நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை.”

“சரி, மிஸ்யூ.”

“ஒன்று கேட்கிறேன். பின்னால் நிற்பவர்கள் மன்னிக்கவேண்டும். காசு கட்டிப் போகிற வேட்டைச் சங்கம் எத்தனையோ இருக்கிறது. ஏன் என்னிடம்?”

“அங்கே விருந்தாளி. நான் விருந்துக்குப் போகக் கேட்கவில்லை.”

“உங்கள் நாட்டில் இப்படித்தான் கேட்பார்களா? ஒரு கட்டுத் தாளோடு?”

மடுத்தீன் கத்தியைப் பலகையில் வைத்தான். கையைத் துடைத்தான். பிரெஞ்சில் இதைச் சொல்ல அவனுக்குச் சொற்கள் குறைவு. குறைந்த சொற்களிலேயே சொன்னான்.

“எங்கள் இடத்தில் யாரும் கேட்பதில்லை, மிஸ்யூ. துவக்கு வைத்திருந்தவன் யாரும் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை. அதனால்தான் நான் கேட்கிறேன். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அது என் பிழை.”

குழந்தை வண்டிக்காரப் பெண்ணுக்குப் பிரெஞ்சு விளங்கியது. அவள் நிலத்தைப் பார்த்தாள். தவரத்தினத்துக்கும் விளங்கியது.

பெர்னார் சட்டைப் பையைத் தடவிப் பேனா ஒன்றை எடுத்தார்.

“தாள் இருக்கிறதா?”

கோப்பு நிறையத் தாள் இருந்தது. மடுத்தீன் அதைத் தொடவில்லை. இறைச்சி சுற்றும் வெள்ளைத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து, ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தான். கிழவர் குனிந்து எழுதினார். எழுத எழுத உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார், கடை முழுவதும் கேட்க.

“கீழே கையொப்பமிடும் நான், என் காணியிலும் காட்டிலும் மிஸ்யூ மடுத்தீன் பெசான் வேட்டையாடச் சம்மதிக்கிறேன். சேவல் மட்டும். பேட்டுக்குச் சுடக்கூடாது, ஒருபோதும். பொப்லார் மர வரிசையைத் தாண்டக்கூடாது. அது பக்கத்துக் காணி. வருகிற நாளில் காலையில் என் படலையைத் தட்டவேண்டும்.” கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார். “தட்டும்போது ஒரு தாளும் கொண்டுவரக்கூடாது. இதை எழுதத் தேவையில்லை. சொல்கிறேன்.”

கையொப்பமிட்டுத் திகதி போட்டார். 18 நவம்பர் 2017.

நாகேஸ்வரி அக்கா எலும்புப் பையோடு வாசலில் நின்றவர் திரும்பி வந்தார். எட்டிப் பார்த்தார்.

“சீல் எங்கை?”

“சீல் தேவையில்லை அக்கா. அவற்ற கையெழுத்துப் போதும்,” என்றான் மடுத்தீன்.

“போதுமோ? இந்த நாட்டில சீல் இல்லாத தாளை நாய் கூட மணக்காது.”

வரிசை அதை ஆமோதித்தது. ஓம், சீல் இல்லாமல் செல்லாது என்றது ஒரு குரல். நாளைக்கு ஆராவது கேட்டால் என்ன செய்வாய் என்றது இன்னொன்று. எல்லாரும் ஏதோ ஒரு கந்தோர் ஜன்னலில் சீல் இல்லாத குற்றத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

தவரத்தினம் உள்ளே போனார். கடைச் சீலையும் மைப்பெட்டியையும் கொண்டு வந்தார். ஆட்டுத்தலை படம், கடையின் பெயர், முகவரி, வட்டமாக. அந்தச் சீலை அவர் யார் கையிலும் கொடுப்பதில்லை. தானே மையில் ஒற்றி, வாயால் ஊதி, பெர்னாரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையால் அமத்திக் குத்தினார்.

“இது சட்டப்படி ஒன்றுக்கும் உதவாது,” என்றார் பெர்னார்.

“தெரியும், மிஸ்யூ,” என்றான் மடுத்தீன்.

“இந்த மனிதர் ஏன் அழுத்துகிறார் இப்படி?”

“ஒரு வருடமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர். இப்போது அழுத்துகிறார்.”

கிழவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி முடிந்தது. மடுத்தீன் நீட்டிய கையை, இறைச்சி மணத்தோடேயே பிடித்துக் குலுக்கினார். ஆட்டுத்தொடை வாங்காமல், மேலே தெருவில் பிரெஞ்சுக்காரன் கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

“அடுத்த ஆள்!” என்றான் மடுத்தீன். குரல் வழமையை விடக் கொஞ்சம் உரத்தே வந்தது.

கடை வானைத் தவரத்தினம் தானாகவே கொடுத்தார். அடுத்த ஞாயிறு காலை எட்டரை மணிக்கு, ஆட்டுத்தலை வரைந்த அந்த வெள்ளை வான் பெர்னாரின் படலையில் நின்றது. மடுத்தீன் தட்டினான். கையில் ஒன்றும் இல்லை. ஜன்னலுக்குள்ளிருந்து கிழவர் கையைக் காட்டினார். அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே ஒரு சடங்கும் இருக்கவில்லை.

பீற்றூட் கிளப்பி முடிந்த வயல். மண் சப்பாத்தில் அப்பியது. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. அவன் தோட்டாவைப் போட்டுத் துவக்கை மூடிக்கொண்டு காட்டோரமாக நடந்தான். ஐம்பது அடி போயிருப்பான். காலடியிலிருந்து ஒன்று சடசடவென்று எழும்பியது. துவக்குத் தோளுக்குப் போய்விட்டது. விரல் விசைக்குப் போகவில்லை. பழுப்பு நிறம். குட்டை வால். பேடு. அது தாழப் பறந்து வேலிக்குள் மறையும்வரை குழலின் முனையால் பார்த்துக்கொண்டே நின்றான். அடித்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. காட்டில் அவன் சுட்ட காலத்தில் பேடென்றும் சேவலென்றும் ஒருநாளும் பார்த்ததில்லை. துவக்கை இறக்கினான்.

சேவல் ஒரு மணி நேரம் கழித்தே வந்தது. முட்பற்றைக்குள்ளிருந்து கத்திக்கொண்டு நேரே மேலே கிளம்பியது, வால் பின்னால் இழுபட. ஒரே வெடி. மண்ணில் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. போய் எடுத்தபோது சூடாக இருந்தது. பச்சைக் கழுத்து நவம்பர் வெயிலில் எண்ணெய் பூசினதுபோல் மின்னியது.

அப்போது ஒரு நாய் பொப்லார் வரிசைக்குள்ளால் ஓடிவந்து அவன் காலை மணந்தது. நாய்க்குப் பின்னால் ஒரு மனிதர். பச்சைக் கோட்டு, நல்ல துவக்கு, கையில் விலை கூடின கையுறை. இவனை மேலும் கீழும் பார்த்தார். பறவையைப் பார்த்தார். தெருவில் நின்ற ஆட்டுத்தலை வானையும் பார்த்தார்.

“இங்கே சுட உங்களுக்கு யார் அனுமதி தந்தது?”

இந்தக் கேள்வியை வாழ்க்கையில் எத்தனை பேர் அவனிடம் கேட்டிருப்பார்கள். சோதனைச்சாவடியில், மெத்ரோவில், ரயில் நிலையத்தில். ஒவ்வொரு தடவையும் கை பறந்து பைக்குள் போகும். தாளை இழுத்து நீட்டும்போதே வியர்க்கும். இன்றைக்கு அவன் பறக்கவில்லை. முதலில் துவக்கைத் திறந்து தோட்டாவை எடுத்தான். பறவையைப் புல்லில் கிடத்தினான், வால் மடியாமல். கையைக் காற்சட்டையில் துடைத்தான். மேல்சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, நாலாக மடித்த தாளை எடுத்து விரித்துக் கொடுத்தான்.

மனிதர் வாசித்தார். சீலை உற்றுப் பார்த்தார். ஆட்டுத்தலையைக் கண்டு புருவம் உயர்ந்தது. பிறகு திரும்பவும் மேலே போய், சேவல் மட்டும் என்ற இடத்தில் நின்று, புல்லில் கிடந்த பறவையைப் பார்த்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“பெர்னாரின் கையெழுத்துத்தான். சரி. நல்ல வேட்டை.”

நாயைக் கூப்பிட்டுக்கொண்டு பெர்னாரின் காட்டுப் பக்கமாக மேலே நடக்கத் தொடங்கினார்.

“மிஸ்யூ,” என்றான் மடுத்தீன்.

அவர் திரும்பினார்.

“உங்களுடையது?”

“என்னுடைய என்ன?”

“அனுமதி. இந்தக் காணிக்கு.”

மனிதரின் முகம் சிவந்தது. நாயைக் காட்டினார்.

“என் காணி அந்தப் பக்கம். நாய் தாண்டி வந்துவிட்டது. நாய்க்கு எல்லை தெரியாது.”

“நாய்க்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

சொன்ன பிறகும் மடுத்தீன் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணைத் தாழ்த்தவுமில்லை. பொப்லார் வரிசையைக் கையால் காட்டினான். மரியாதையாகவே காட்டினான், ஒருவருக்கு வழி சொல்வதுபோல. மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஒரு தடவை மூக்கால் சிரித்தார். தொப்பியைத் தொட்டு, நாய்க்குச் சீழ்க்கை அடித்து, வந்த வழியே போனார். அவர் மரவரிசையைத் தாண்டும்வரை மடுத்தீன் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு தாளை மடித்தான். ஒரு மூலையில் ஆட்டுக்கொழுப்புப் பட்ட இடத்தால் வெளிச்சம் தெரிந்தது. பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். சேவலைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வானை நோக்கி நடந்தான். காட்டோரத்தால் அல்ல. வயலின் நடுவால்.